தாயே ஆசிரியை: 19ஆம் நூற்றாண்டுப் போலந்துச் செய்தித்தாள்களில் குழந்தைக் கல்வி

1795ஆம் ஆண்டில் போலந்து நாடு ஐரோப்பாவின் தேசப்படத்திலிருந்து மறைந்தது. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகள் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கூறுபோட்டு அதனை விழுங்கிவிட்டன. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுக்காலம், போலந்து மக்களுக்கென ஓர் அரசு இல்லை. படையும் கருவூலமும் நீதிமன்றமும் அயலார் கையில் இருந்தன. நாட்டை இழந்த ஒரு மக்களின் பத்திரிகைகளில் அரசியலே நிரம்பியிருக்கும் என எண்ணத் தோன்றும். ஆனால், அந்நூற்றாண்டின் போலந்து ஏடுகளைப் புரட்டுவோர், குழந்தை வளர்ப்பைப் பற்றிய கட்டுரைகள் எத்துணை மிகுதியாக உள்ளன என்பதைக் கண்டு வியப்பர். குழந்தைக்கு எந்த மொழியில் முதலிற் பேசுவது? வீட்டில் எத்தனை வயதுவரை கற்பிப்பது? பள்ளிக்கு எப்போது அனுப்புவது? அயல்நாட்டு ஆசிரியையை வீட்டில் அமர்த்துவது நலமா, கேடா? இக்கேள்விகள் தலைமுறை தலைமுறையாக விவாதிக்கப்பட்டன.

இவ்விவாதம் வெறும் குழந்தை வளர்ப்புக் குறிப்பு அன்று. பள்ளியைப் பற்றி மனம்விட்டு எழுத முடியாத இடத்தில் பத்திரிகைகள் வீட்டைப் பற்றி எழுதின. வீடு பள்ளியானபோது தாய் ஆசிரியையானாள். அவ்வாசிரியைக்குக் கற்பிப்பவர் யார் என்ற கேள்வி அடுத்தபடியாக எழுந்தே தீரவேண்டியதாயிற்று. அக்கேள்வியைத் தொடக்கத்தில் எவரும் எழுப்ப விரும்பவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் சுவை.

போலந்தியர் இழந்த கல்விச் செல்வம் சிறிதன்று. 1773இல் அந்நாட்டு மன்றம் நிறுவிய தேசியக் கல்வி ஆணையம், அரசின் பொறுப்பில் நாடு முழுமைக்கும் கல்வியை ஒழுங்கு செய்யத் தோன்றியது. ஐரோப்பாவின் முதற் கல்வி அமைச்சு என்று அதனைப் பலர் போற்றுவர். நாடு மறைந்த பின்னரும் அதன் மரபு சில காலம் உயிரோடிருந்தது. வில்னா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த மருத்துவப் பேராசிரியர் யெஞ்செய் ஷ்னியாதெட்ஸ்கி, 1805இல் 'வில்னா நாளேடு' என்னும் இதழில் குழந்தைகளின் உடல் வளர்ப்பைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதினார். குழந்தையின் முதற் பருவம் உடலுக்கு உரியது. தூய காற்றும் ஓட்டமும் விளையாட்டும் எளிய உணவுமே அப்பருவத்தின் பாடங்கள். மிக இளமையில் ஏட்டுச் சுவடியின் முன் உட்காரவைப்பது உடலையும் அறிவையும் ஒருங்கே கெடுக்கும் என்பது அவர் கொள்கை. ஒரு வேதியியல் அறிஞர் பாலர் படிப்பைப் பற்றி இதழில் எழுதுவதை அக்காலம் விந்தையாகக் கொள்ளவில்லை.

தான்ஸ்கா அம்மையார்

இவ்விவாதத்தைக் குடும்பங்களின் கூடத்திற்குள் கொண்டுசென்றவர் கிளெமென்டினா தான்ஸ்கா என்னும் பெண்மணி. 1829இல் மணமானபின் ஹாப்மனோவா என அறியப்பட்டவர். உயர்குடிகளின் வழக்கப்படி பிரெஞ்சு மொழியிலேயே கல்வி பெற்று வளர்ந்த அவர், பின்னர் அவ்வழக்கத்தையே எதிர்த்து எழுந்தார். 1819இல் வெளிவந்த 'நல்ல தாயின் நினைவு' என்னும் நூல், இறக்குந் தறுவாயிலுள்ள தாயொருத்தி மகளுக்குக் கூறும் அறிவுரைகளாக அமைந்தது. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியிருந்தது. 1824 முதல் 1828 வரை வார்சாவில் 'குழந்தைகளுக்கான பொழுதுபோக்குகள்' என்னும் மாத இதழை நடத்தினார். போலந்து மொழியில் குழந்தைகளுக்கென வெளிவந்த இதழ்களுள் முன்னோடி அது. கதையும் உரையாடலும் முன்னோர் வரலாறும் அதில் இடம்பெற்றன.

பிள்ளைகளின் வாயில் முதலில் ஏறவேண்டியது தாய்மொழி. அதனை ஊட்டவேண்டியவள் தாய். அயல்நாட்டுச் செவிலியிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு விருந்துக்குச் செல்லும் சீமாட்டி தன் கடமையிலிருந்து தவறுகிறாள். இதுவே அம்மையாரின் ஓயாத வாதம். ஆனால், தாய்க்கு இத்துணைப் பொறுப்பைச் சுமத்திய அவரே, பெண்ணுக்கு வேண்டிய கல்வி இல்லறத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். தம் பேனாவினாலேயே பிழைத்து, பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சி நிலையத்திற் பாடமும் சொன்ன ஒருவர் இவ்வாறு எழுதியது முரண்பாடே. அம்முரண்பாட்டை முதலிற் சுட்டிக்காட்டியவர், அந்நிலையத்திலேயே பயின்ற நர்சிசா ஷ்மிஹோவ்ஸ்கா. ரகசிய அரசியல் தொடர்பு பற்றிய குற்றச்சாட்டில் 1849 முதல் லுப்ளினில் சிறைப்பட்டிருந்த அவர், பெண்களுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார். முதுமையில் தம் ஆசிரியையின் நூல்களைப் பதிப்பிக்க நேர்ந்தபோது, அதற்கு எழுதிய முன்னுரையில் அவருடைய கருத்துகளை மதிப்புடனும் கண்டிப்புடனும் மறுத்தார். ஆசிரியைக்கு மாணவி செலுத்தும் கடன் இப்படியும் அமையலாம்.

தணிக்கையின் நிழலில்

1830ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் தோற்றன. இரண்டாவது தோல்விக்குப் பின் ருஷ்யப் பகுதியிற் கல்வி முற்றிலும் உருமாறியது. 1862இல் தோன்றிய வார்சா முதன்மைக் கல்லூரி 1869இல் மூடப்பட்டு, ருஷ்ய மொழிப் பல்கலைக்கழகம் ஒன்று அதனிடத்தில் எழுந்தது. 1860களின் இறுதிக்குள் உயர்பள்ளிகளிலும், 1885இல் தொடக்கப் பள்ளிகளிலும் ருஷ்யமே பயிற்றுமொழியாயிற்று. போலந்து மொழி ஒரு பாடமாக மட்டும் எஞ்சியது. உயர்பள்ளிகளில் அதனையும் ருஷ்ய மொழியிலேயே விளக்கவேண்டியிருந்தது. 1879 முதல் 1897 வரை வார்சாக் கல்வி வட்டாரத்தின் தலைவராயிருந்த அப்புக்தின் என்பவரின் பெயர் போலந்தியரின் நாவிற் கசப்புச் சொல்லாகவே நின்றுவிட்டது.

வார்சாவில் ஒவ்வோர் இதழும் அச்சேறுமுன் தணிக்கையாளரின் மேசையைக் கடக்கவேண்டும். அரசுப் பள்ளியில் நடப்பதை வெளிப்படையாகக் கண்டிக்க இயலாது. நாட்டின் பெயரைச் சொல்வதே இடர். ஆகவே 'நம்மிடையே', 'நாட்டில்', 'நம் சமூகத்தில்' என்னும் சொற்கள் அந்நாளைய ஏடுகளில் நிரம்பி வழிந்தன. அரசு அதிகாரியைக் கண்டிக்க முடியாதபோது, பிள்ளைக்குக் கதை சொல்லாத தாயைக் கண்டிக்க முடிந்தது. வரலாற்றுப் பாடத்தைக் கோர முடியாதபோது, பாட்டி சொல்லும் பழங்கதையின் அருமையைப் பாராட்ட முடிந்தது. வாசகர்கள் வரிகளுக்கிடையே படிக்கக் கற்றுக்கொண்டனர்.

எனினும், குழந்தை பற்றிய ஒவ்வொரு கட்டுரையையும் மறைமொழியாகக் கொள்வது பிழை. பிற்கால ஆய்வாளர் சிலர் அப்படிச் செய்வதுண்டு. குளிர்நீர்க் குளியலைப் பற்றியும், மனப்பாடத்தின் தீமையைப் பற்றியும், ஏழு வயதுச் சிறுமியை நான்கு மணி நேரம் பியானோ முன் உட்காரவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுதியோர் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே எழுதினர். 1861இல் வெளியான ஹெர்பர்ட் ஸ்பென்ஸரின் கல்வி நூல் அத்தலைமுறையினரை ஆட்கொண்டிருந்தது. எந்த அறிவு மிகப் பயனுடையது என்ற அவருடைய வினா வார்சா இதழ்களில் எதிரொலித்துக்கொண்டேயிருந்தது.

1865இல் பெண்களுக்காக 'பிலுஷ்ச்' என்னும் வார இதழ் தோன்றியது. மரியா இல்னிட்ஸ்கா என்னும் கவிஞர் முப்பதாண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக இருந்தார். 'பிலுஷ்ச்' என்பது பற்றிப் படரும் ஒரு கொடியின் பெயர். கொழுகொம்பின்றி நில்லாத கொடியைப் பெண்ணுக்கு உவமையாக்கிய அப்பெயரே அவ்விதழின் போக்கை உணர்த்தும். சமயப்பற்று, தாய்மொழிப் பற்று, பிள்ளைகளைத் தாயே முன்னின்று பயிற்றும் கடமை ஆகியவற்றை அது ஓயாமல் எடுத்துரைத்தது.

இதற்கு எதிர்முனையில் நின்றது 1866இல் தொடங்கிய 'வாரத் திறனாய்வு'. மூடப்பட்ட முதன்மைக் கல்லூரியிற் பயின்ற இளைஞர்கள் அதிற் கூடினர். அவர்களுள் தலையாயவர் அலெக்சாந்தர் ஷ்வியெந்தொஹோவ்ஸ்கி. வாளெடுத்து இருமுறை தோற்றாயிற்று. இனிக் கல்வியும் தொழிலும் உடல்நலமுமே வழி என்பது அவர்கள் துணிபு. 1873இல் அவ்விதழில் வெளிவந்த 'அடித்தளப் பணி' என்னும் கட்டுரைத் தொடர், சிற்றூர்ப் பள்ளியையும் குடியானவர் வீட்டையும் நிலக்கிழார்களின் கடமையாகக் காட்டியது. பெண்கல்வியிலும் அவர்கள் பழைமையைத் தாக்கினர். பிரெஞ்சு, பியானோ, சித்திரம், பூத்தையல் என்று சிறிது சிறிதாகத் தொட்டுக் காட்டி வீட்டில் வளர்க்கப்படும் பெண், பிள்ளைக்கும் கற்பிக்க இயலாதவள், தனக்கும் சோறு தேட இயலாதவள் என்றனர்.

இவ்வாதத்தை அனைவரும் உணரச் செய்தது ஒரு தொடர்கதை. எலிஸா ஓர்ஷெஷ்கோவா எழுதிய 'மார்த்தா' 1873இல் ஒரு மகளிர் வார இதழில் வெளிவந்தது. நல்ல குடியிற் பிறந்து 'நன்றாக வளர்க்கப்பட்ட' மார்த்தா கணவனை இழந்து, சிறு குழந்தையுடன் வார்சாவில் வேலை தேடுகிறாள். பிரெஞ்சு கற்பிக்க முயல்கிறாள். அவள் அறிந்த பிரெஞ்சு போதவில்லை. சித்திரம் தீட்ட முயல்கிறாள், அதுவும் அரைகுறை. மொழிபெயர்ப்பும் அவ்வாறே. ஊசி எடுத்தால் வயிறு நிறையவில்லை. முடிவில் திருட்டும், தெருவில் ஓடிவரும் வண்டியின் சக்கரத்தடியிற் சாவும். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆடவர் மடிந்தும் நாடுகடத்தப்பட்டும் சொத்துகள் பறிக்கப்பட்டும் போன காலம் அது. மார்த்தாவின் நிலை கற்பனையெனத் தோன்றவில்லை. வீட்டுக் கல்வியைப் போற்றிய குடும்பங்களே இக்கதையைப் படித்து அஞ்சின.

மறைவிற் கற்பித்தல்

செய்தித்தாளுக்கென வாரந்தோறும் நகரச் செய்திகளைத் தொகுத்து எழுதிவந்த போலெஸ்லாவ் ப்ரூஸ், குழந்தைகளின் உடல்நலம், கைத்தொழிற் பயிற்சி, ஏழைப் பிள்ளைகளின் காப்பகம் என்று பலவற்றையும் தொட்டுச் சென்றார். அவருடைய 'அன்தெக்' என்னும் சிறுகதையில் மரத்தைச் செதுக்கி உருவம் செய்வதில் மேதையான குடியானவச் சிறுவன் ஒருவன் வருகிறான். பள்ளியோ அவனுக்கு எழுத்தையும் அடியையும் தருகிறது. அவன் கையில் இருக்கும் கலையை எவரும் காண்பதில்லை. பெண்கள் விடுதிப்பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட அவருடைய நாவல் 1890 முதல் 1893 வரை 'கூரியர் சொஜென்னி' நாளிதழில் தொடராக வந்தது.

தணிக்கையை ஏமாற்றும் வழியொன்றை ஹென்ரிக் சியென்கியெவிச் 1879இற் காட்டினார். அயல்மொழிப் பள்ளியில் இரவு பகலாய் உழைத்தும் தேறமுடியாமல், உச்சரிப்பைக் கேலி செய்யும் ஆசிரியர்களிடையே தேய்ந்து இறக்கும் மிஹாஷ் என்னும் சிறுவனின் கதையை எழுதிய அவர், அதற்குப் போஸ்னான் ஆசிரியர் ஒருவரின் குறிப்பு எனப் பெயரிட்டு, பழியைப் பிரஷ்யப் பள்ளியின் மேற் போட்டார். ருஷ்யத் தணிக்கையாளருக்கு ஜெர்மானியப் பள்ளியைப் பழிப்பதில் மறுப்பில்லை. வார்சாவில் அக்கதையைப் படித்த தாய்மார், அது எந்த நகரத்துப் பிள்ளை என்பதை அறிந்திருந்தனர்.

குடியானவர் வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டுபோனவர்களுள் கொன்ராட் புருஷின்ஸ்கி தனியிடம் பெறுகிறார். 'ப்ரோமிக்', அதாவது சிறுகதிர், என்னும் புனைபெயரில் எழுதியவர். 1875இல் ஓர் அரிச்சுவடியும், 1879இற் படங்களுடன் கூடிய மற்றொன்றும் வெளியிட்டார். ஆசிரியர் இல்லாமலே, எழுத்தறிந்த அண்ணனோ தாயோ பக்கத்திலிருந்து கற்பிக்கத்தக்கவாறு அமைந்த சுவடிகள் அவை. 1881இல் அவர் தொடங்கிய 'கஸெட்டா ஷ்வியொந்தெச்னா' என்னும் ஞாயிற்றுக்கிழமைத் தாள், குடியானவர் எழுதியனுப்பிய கடிதங்களை விரும்பி அச்சிட்டது. அரிச்சுவடியிற் படித்தவர்கள் தாளை வாங்கினர்; தாளைக் கேட்க விரும்பியவர்கள் அரிச்சுவடியை வாங்கினர். அவருடைய உழைப்பு எவ்வளவு தேவையானது என்பதை 1897ஆம் ஆண்டுக் குடிமதிப்பு காட்டுகிறது. ருஷ்யப் போலந்தில் எழுத்தறிந்தோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

நகரங்களில் 1882இல் தோன்றிய 'கல்வித் திறனாய்வு' என்னும் இதழ், வீட்டிற் கற்பிப்போருக்குப் பாடத்திட்டம் வகுப்பதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. யான் விளாடிஸ்லாவ் தாவித், அடோல்ப் திகாசின்ஸ்கி முதலிய கல்வியறிஞர் கைகொடுத்தனர். இதே ஆண்டுகளில், தாய்மார்க்கும் ஆசிரியைகளுக்கும் உயர்கல்வி தர வார்சாவில் ரகசிய வகுப்புகள் எழுந்தன. வீடு வீடாக இடம் மாறி நடந்தமையால் 'பறக்கும் பல்கலைக்கழகம்' எனப் பெயர் பெற்றது. யாத்விகா ஷ்சவின்ஸ்கா என்னும் பெண் 1880களின் நடுவில் அதனை ஒழுங்குபடுத்தினார்.

அங்கே கேட்டவர்களுள் ஒருவர் 1867இற் பிறந்த மரியா ஸ்க்லொதொவ்ஸ்கா, பின்னாளைய கியூரி அம்மையார். சிறுமியாக அவர் படித்த தனியார் பள்ளியில், ருஷ்ய ஆய்வாளர் வருமுன் போலந்து வரலாற்றுப் புத்தகங்களை ஒளித்துவைப்பர். ஆய்வாளரின் கேள்விகளுக்கு எழுந்து நின்று ருஷ்ய மொழியில் விடைசொல்வது நன்கு படிக்கும் மரியாவின் வேலையாயிருந்தது. 1886 முதல் ஷ்சூகி என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சம்பளத்திற்கு உழைத்தபோது, ஓய்வு நேரத்தில் அவ்வூர்க் குடியானவப் பிள்ளைகளுக்குப் போலந்து எழுத்தைக் கற்பித்தார். சட்டம் அதனை ஒப்பவில்லை. மறைவிற் கற்பிப்போருக்குத் தண்டமும் சிறையும் விதிக்கும் தனி விதிகள் 1900இல் போலந்துப் பகுதிக்கும் விரிக்கப்பட்டன. தணிக்கைக்குட்பட்ட இதழ்கள் இவற்றைப் பற்றி மூச்சுவிட முடியாது. ஆனால், 'வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதலாம். அவை யாருக்குப் பயன்பட்டன என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆஸ்திரியப் பகுதியும் பிரஷ்யப் பகுதியும்

ஆஸ்திரியாவின் கீழிருந்த கலீசியாவில் நிலைமை வேறு. 1867இல் அங்கே தனிக் கல்விக் கழகம் அமைந்தது. 1870ஐ ஒட்டிக் கிராக்கோ, லிவோவ் பல்கலைக்கழகங்களில் போலந்து மொழி ஏறியது. 1873இற் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது. பழி சுமத்த அயலார் இல்லாததால் ஏடுகள் தம்மவரையே குறைகூறின. 1868இல் லிவோவில் தோன்றிய 'ஷ்கோலா' என்னும் ஆசிரியர் இதழ் சம்பளக் குறைவையும் நெருக்கடியான வகுப்பறைகளையும் பேசியது. சிற்றூர்ப் பள்ளிக்கும் நகரப் பள்ளிக்கும் வெவ்வேறு பாடத்திட்டம் வகுத்து, குடியானவன் மகன் உயர்பள்ளிக்குள் நுழையும் வாயிலை ஆட்சியாளர் குறுக்கியபோது, 1889இல் தோன்றிய 'மக்கள் நண்பன்' போன்ற தாள்கள் சீறின. வார்சாவில் தாய்மொழிப் பள்ளியை இழந்து வருந்திய அதே மக்கள், கிழக்குக் கலீசியாவில் ஆளும் இடத்தில் இருந்தபோது ருத்தேனியருக்கு, அதாவது உக்ரேனியருக்கு, நீண்டகாலம் ஒரே ஓர் உயர்பள்ளியை மட்டும் விட்டுவைத்தனர். லிவோவின் போலந்து நாளிதழ்கள் பல இதனை நேர்மையுடன் நோக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுதல் தகாது. பெண்கல்வியிற் கலீசியா முந்தியது: 1894இற் கிராக்கோப் பல்கலைக்கழகம் மூன்று பெண்களை வகுப்புகளில் அமர அனுமதித்தது. 1896இற் பெண்களுக்கான உயர்பள்ளியும் அந்நகரில் எழுந்தது.

பிரஷ்யப் பகுதியில் அச்சுக்கு முன் தணிக்கை இல்லை; அச்சுக்குப் பின் வழக்கும் சிறையும் உண்டு. போஸ்னானில் எவாரிஸ்ட் எஸ்த்கோவ்ஸ்கி என்னும் ஆசிரியர் 1849இல் 'போலந்துப் பள்ளி' என்னும் இதழையும், அடுத்த ஆண்டிற் குழந்தைகளுக்கான ஏட்டையும் தொடங்கினார். மேற்சைலீசியாவில் சிற்றூர் ஆசிரியராயிருந்த கரோல் மியார்கா, 1863இற் பள்ளிகளில் மக்களின் மொழி ஒடுக்கப்படுவதைக் கண்டித்து எழுதியபின் பத்திரிகைத் துறைக்கு வந்து, 'கத்தோலிக்' ஏட்டை நடத்திப் பன்முறை சிறை சென்றார். 1887இல் தொடக்கப் பள்ளிகளிலிருந்து போலந்து மொழி அடியோடு நீக்கப்பட்டது. சமயபாடம் மட்டும் பல இடங்களில் அம்மொழியில் எஞ்சியது. அதன்பின் போஸ்னான் ஏடுகளின் வேண்டுகோள் சுற்றிவளைக்காத நேர்மொழியாயிற்று: பள்ளி கற்பிக்காததை வீடு கற்பிக்கட்டும், இரவில் விளக்கடியில் பிரார்த்தனை நூலை வைத்தேனும் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டுங்கள். இங்கே கடமை சீமாட்டிகளை விட்டுக் கூலிக்காரர், கைவினைஞர் வீட்டுத் தாய்மாரிடம் இறங்கியது. 1894இற் போஸ்னான் பெண்கள் கூடி 'வார்த்தா' என்னும் சங்கத்தை அமைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர்.

1901ஆம் ஆண்டு விஷெஷ்னியா என்னும் சிறு நகரத்தில், சமயபாடத்தையும் ஜெர்மன் மொழியில் நடத்த ஆணை வந்தது. பிள்ளைகள் ஜெர்மன் வேதபாட நூலைத் தொட மறுத்தனர்; கேள்விகளுக்கு ஜெர்மன் மொழியில் விடையளிக்கவில்லை. மே மாதம் 20ஆம் நாள் அவர்களைப் பிரம்பால் அடித்தனர். அழுகுரல் கேட்டுப் பெற்றோர் பள்ளிமுன் திரண்டனர். கூச்சலும் சண்டையும் மூண்டன. போஸ்னான் ஏடுகள் எழுதின; கிராக்கோவும் லிவோவும் எழுதின; ஜெர்மானியப் பள்ளியைப் பற்றியது ஆதலின் வார்சாவும் எழுத முடிந்தது. சியென்கியெவிச் திறந்த மடல் எழுதினார். குடும்பங்களுக்கு உதவ மூன்று பகுதிகளிலும் நிதி திரட்டப்பட்டது. நவம்பரில் க்னியெஸ்னோ நீதிமன்றத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். மிக நீண்ட தண்டனை, இரண்டரை ஆண்டுச் சிறை, நெப்போமுசேனா பியாசெட்ஸ்கா என்னும் ஒரு தாய்க்கு விதிக்கப்பட்டது.